கலங்கலும் தெளிவும்: தோல் ஆலையில் இயந்திரத்தின் முன் நிற்பவர்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் வீதியில் செட்டிபாளையம், மாங்காடு ஆகிய ஊர்களைத் தாண்டியதும், களுதாவளையின் வெற்றிலைத் தோட்டங்கள் தொடங்குவதற்கு முன்னே வருவது எங்கள் தேற்றாத்தீவு. கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக இரண்டு உப்பு நீர்களுக்கு இடையே ஒடுங்கிக் கிடக்கும் எழுவான்கரை மணற்பரப்பிலே, பெய்த மழை மணலுக்குள் இறங்கி, கனத்த உப்பு நீரின் மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்பதனாலேயே எங்கள் கிணறுகள் குடிக்கத்தக்க நீரைத் தந்து வருகின்றன. ஆகையால், நன்னீர் என்பது எத்துணை நொய்தான சம்பத்து என்பதை இவ்வூரிற் பிறந்தவன் ஏடு படித்து அறிய வேண்டியதில்லை.

ஊருக்கு இப்பெயர் தேற்றா மரத்தினால் வந்ததென்று முதியோர் சொல்வர். கலங்கிய நீரை வார்க்குமுன் மண்பானையின் உட்புறத்திலே தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டால், சிறிது பொழுதில் சேறெல்லாம் அடியிலே தங்கி மேல் நீர் தெளிந்துவிடும். கலித்தொகைக் காலத்துப் புலவருக்கே உவமையாக வாய்த்த பழஞ்செய்தி இது. வித்திலிருந்து கசியும் பசையானது, நீரில் தனித்தனியே மிதக்கும் களித் துகள்களை ஒன்றோடொன்று பிணைத்துக் கனமாக்கிக் கீழே இறக்கிவிடுகிறது என்பது இக்கால இரசாயனம் கூறும் காரணம். எனினும் இந்த வித்துக்கு ஓர் எல்லை உண்டு. மிதப்பதைத்தான் அது பிடிக்கும், கரைந்ததைப் பிடிக்காது. வாவி நீரில் எத்தனை கொட்டையை உரைத்தாலும் நீர் தெளியுமேயொழிய உப்புக் குறையாது.

மிகச் சிறியதாகத் தோன்றும் இந்தப் பேதத்தை நான் உள்ளபடி உணர்ந்தது என் ஊரில் அன்று. தமிழ்நாட்டிலே, பாலாற்றங்கரையில், வாணியம்பாடியில், ஒரு தோல் ஆலைக்குள்ளே. தோல் பதனிடும் தொழிலில் இயந்திரம் இயக்குவோரைப் பற்றி எழுத வேண்டும் என்ற நோக்கத்தோடு அங்கே சென்றிருந்தேன். வெளியிலிருப்போர் இத்தொழிலைப் பற்றிக் கொண்டிருக்கும் எண்ணமெல்லாம் மூக்கையும் கண்ணையுமே ஆதாரமாகக் கொண்டது: நாற்றம், ஊன், மயிர், சாக்கடை. நானும் அந்த எண்ணத்தோடுதான் போனேன். சில நாள் நின்று பார்த்த பிறகு என் அபிப்பிராயம் வேறாயிற்று. இத்தொழிலிலே கேடும் சாமர்த்தியமும் ஆகிய இரண்டுமே பெரும்பாலும் புலனுக்கு எட்டாத இடத்தில் ஒளிந்திருக்கின்றன என்றும், இயந்திரத்தின் முன் நிற்பவன் கற்றுக்கொள்வது அந்த ஒளிவிடத்தைக் கண்டுபிடிக்கும் வித்தையே என்றும் எனக்குப் பட்டது.

எங்கள் பக்கத்தாருக்குத் தோலோடு பழக்கம் இல்லாமலில்லை. வாவிக்கு அப்பால் படுவான்கரையின் மேய்ச்சல் நிலங்களில் மாடும் எருமையும் மிகுதி. மட்டக்களப்புத் தயிரின் கீர்த்திக்கு அவைதாமே மூலம். கூத்துக்கு மத்தளமும், கோயிற் சடங்குக்குப் பறைமேளமும் இல்லாமல் எங்கள் ஆண்டு நகர்வதில்லை. ஆனால் பறையிலே கட்டியிருப்பது பதனிட்ட தோல் அன்று. மயிர் களைந்து, இழுத்துக் கட்டி, வெறுமனே உலர்த்திய பச்சைத்தோல். மழைக்காலத்து ஈரம் பட்டால் அது தொய்ந்துவிடும். அதனாலேயே அடிக்குமுன் தீயிலே காட்டி வாட்டுகிறார்கள். நீரில் ஊறவிட்டால் அழுகிவிடும். நனைந்தாலும் அழுகாது, காய்ந்தாலும் விறைக்காது என்ற நிலைக்குத் தோலைக் கொண்டுவருவதற்கே பதனிடுதல் என்று பெயர். பருத்தி நூல் வலைகள் இருந்த காலத்திலே இலங்கைக் கரையோர மீனவர்கள் கண்டல் பட்டையைக் காய்ச்சிய செந்நிறச் சாற்றில் வலையைத் தோய்த்து எடுத்ததுண்டு. அந்தப் பட்டையின் துவர்ப்பு வலையை அழுகாமற் காத்தது. அதே துவர்ப்புப் பொருள் தோலுக்குள் இறங்கும்போது, தோலின் நார்களாகிய புரதத்தோடு இறுகப் பிணைந்துகொள்கிறது. ஆக, பதனிடுதலின் இரகசியம் எங்கள் வாவிக் கரையிலேயே கிடந்தது. அதை எடுத்துத் தோலிலே பிரயோகித்துப் பெருந்தொழிலாக்கும் சந்தர்ப்பம் மாத்திரம் எங்களுக்கு வாய்க்கவில்லை.

தமிழ்நாட்டுக்கு அது வாய்த்தது. அங்கே கண்டலின் ஸ்தானத்தில் ஆவாரம்பட்டை. நிறத்தை வெளுப்பாக்குவதற்கு இறுதியிற் கடுக்காய் நீர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே புதுச்சேரியைச் சேர்ந்த சார்ல்ஸ் டி சூசா என்பவர் இம்முறையைச் செம்மைப்படுத்தினார் என்று தொழில் வரலாறு எழுதியோர் கூறுவர். இவ்வாறு பதனிட்ட தோல் கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரோடு இலண்டன் சந்தையில் ஏலம் போயிற்று. அந்நாளில் தோல் கிடங்கு என்பது குழிகளின் வரிசை. தோல் பல வாரங்கள் ஒரு குழியிலிருந்து மற்றொரு குழிக்கு மாறிக்கொண்டே இருக்கும். தொழிலாளி சாய்வான மரத்திலே தோலைப் போர்த்தி, இரு கைப்பிடியுள்ள வளைகத்தியால் ஊனை வழித்தெடுப்பான். இயந்திரம் என்று சொல்ல அங்கே எதுவுமில்லை.

நிலைமையை மாற்றியது குரோமியம். அமெரிக்காவில் 1884 இல் ஆகஸ்டஸ் ஷுல்ட்ஸ் ஒரு முறைக்கும், 1893 இல் மார்ட்டின் டென்னிஸ் அதைவிட எளிய மற்றொரு முறைக்கும் உரிமை பெற்றனர். சென்னையில் அல்பிரட் சாட்டர்டன் 1903 இல் குரோம் பதனிடும் பரிசோதனைகளைத் தொடங்கினார். 1912 இல் சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரத்துக்கு அருகே குரோம் லெதர் கம்பெனியை நிறுவ, அதைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்குக் குரோம்பேட்டை என்றே பெயர் நிலைத்தது. ஆலையின் பெயர் வழியே, ஆலைக்குள் கரைந்துபோன ஒரு உலோகத்தின் பெயரால் ஊர் வழங்கும் விசித்திரத்தை, மரத்தின் பெயரால் வழங்கும் ஊரிலிருந்து சென்ற நான் சற்று நின்று ரசித்தேன். 1948 இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் உருவாயிற்று. அதன் இயக்குநராகப் பின்னர் விளங்கிய நாயுடம்மா, பெரிய ஆலைகளுக்கு மாத்திரமின்றிக் கிராமத்துத் தோல் தொழிலாளிக்கும் விஞ்ஞானத்தைக் கொண்டுசெல்ல முயன்றவர். 1985 ஜூன் 23 அன்று அயர்லாந்துக் கரைக்கு அப்பால் வெடித்துச் சிதறிய ஏர் இந்தியா விமானத்தில் அவர் மாண்டார். இலங்கையிலும் உலகப் போரை ஒட்டிய காலத்தில் அரசு சில ஆலைகளைத் தொடங்கிற்று. தோல் ஆலை கொழும்பு மட்டக்குளியில் அமைந்தது. எங்கள் மாகாணத்துக்குப் பின்னர் வந்தது வாழைச்சேனைக் காகித ஆலை. கிழக்கு மாகாணத்து வாலிபர் பலர் இயந்திரத்தின் முன் முறைவேலை பார்க்கப் பழகியது வைக்கோலைக் கூழாக்கிய அந்த ஆலையிலே.

குரோமியம் வந்ததும் வாரங்கள் ஒரு நாளாகச் சுருங்கின. குழியின் இடத்தை டிரம் என்று எல்லோரும் வழங்கும் சுழலும் மரப்பீப்பா பிடித்துக்கொண்டது. வளைகத்தியின் இடத்தை உருளைகள் பிடித்துக்கொண்டன. தோல் தொழிலாளி என்ற ஒருவன் பிரிந்து டிரம்காரர், பிளெஷிங் மெஷின்காரர், ஷேவிங் மெஷின்காரர் என்று பலர் ஆனார்கள்.

ஆலைக்குள் வருவது உப்புத்தோல். அழுகாமலிருக்க அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு உப்புத் தூவியிருப்பார்கள். அதை உதறி, ஊறவைத்து, சுண்ணாம்பும் சோடியம் சல்பைட்டும் கலந்த நீரிலே போட்டால் மயிர் கரைந்து கூழாகி நீங்கும். தோல் பருத்து, வெளுத்து, வழுவழுப்பாகிவிடும். அந்த நிலையிலே அதைப் பிளெஷிங் மெஷினுக்குக் கொண்டுவருகிறார்கள். சுருள் சுருளாகக் கத்தி பதித்த எஃகு உருளை ஒன்று அதிவேகமாகச் சுழல, எதிரேயுள்ள ரப்பர் உருளை தோலை அதனோடு சேர்த்து அமுக்க, உட்புறத்து ஊனும் சவ்வும் சீவப்பட்டுக் கீழே விழும். பாதித் தோலை முதலில் கொடுத்து, வாய் திறந்ததும் திருப்பி மறுபாதியைக் கொடுக்க வேண்டும். எருமைத் தோலானால் இருவர் பிடித்தாலும் கை வழுக்கும். கையுறை அணிந்தால் இன்னும் வழுக்கும். அணியாவிட்டால் சுண்ணாம்பு விரலைத் தின்னும். இரண்டு கையையும் இரண்டு விசையின் மேல் வைத்தாலன்றி வாய் மூடாதபடி புதிய இயந்திரங்களை அமைத்திருக்கிறார்கள். பழைய இயந்திரங்களும் இன்னும் ஓடுகின்றன. அவற்றின் முன் நீண்ட காலம் நின்றவர்களின் கைகளைப் பார்த்தவருக்கு, அந்த இரட்டை விசையின் அருமையை வேறெவரும் விளக்க வேண்டியதில்லை.

டிரம்காரருடைய வேலை மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு வேலையாகவே தோன்றாது. பீப்பா நிமிடத்துக்குப் பத்துச் சுற்று அளவில் சுழன்றுகொண்டிருக்கும். அவர் அருகிலே சும்மா நிற்பார். ஆனால் அந்த மரப்பலகைக்கு உள்ளே, தோலின் மேற்புறத்துக்கும் உட்புறத்துக்கும் நடுவே, எந்த மருந்து எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பதை அவர் அறிந்தாக வேண்டும். பீப்பாவை நிறுத்தி, கதவைத் திறந்து, ஒரு தோலின் கழுத்துப் பக்கத்தில் ஓரமாக ஒரு கீற்று வெட்டுகிறார். கழுத்து ஏனென்றால், தோலிலே அதுதான் தடித்த இடம். அங்கே இறங்கிய மருந்து மற்ற இடமெல்லாம் இறங்கியிருக்கும். வெட்டுவாயின் மேல் பினோல்ப்தலீன் ஒரு துளி. சுண்ணாம்பு இன்னும் மிச்சமிருந்தால் நடுவிலே இளஞ்சிவப்புக் கோடு எழும். கோடு ஊசிமுனையாக மெலிந்து மறையும் வரை பீப்பா மேலும் சுழல வேண்டும். பின்னர் உப்பும் அமிலமும் இட்டு ஊறவைக்கும் கட்டத்திலே துளி மாறும்; புரோமோகிரிசோல் பச்சை என்னும் அந்த மருந்து, அமிலம் இறங்கிய இடமெல்லாம் மஞ்சளாகும், இறங்காத நடுப்பகுதியில் பச்சையும் நீலமுமாக நிற்கும். வெட்டுவாய் முழுதும் மஞ்சளானால்தான் குரோமிய உப்பை இடலாம். அவசரப்பட்டு இட்டால் குரோமியம் மேற்புறத்திலேயே உறைந்து, நடுத்தோல் பதனிடப்படாமலே நின்றுவிடும். வெளியே பார்ப்பவனுக்கு ஒரு குறையும் தெரியாது. சப்பாத்தாகி ஒருவர் காலிலே நடந்த பிறகுதான் அந்தக் குறை வெளிப்படும்.

பதனிட்டு முடிந்ததற்கும் ஒரு பரீட்சை உண்டு. குரோமியம் ஏறி நீலமாகிய தோலிலிருந்து ஒரு துண்டை வெட்டி, காகிதத்தின் மேல் வைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடிட்டு, கொதிக்கும் நீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுத்து, மறுபடியும் அந்தக் கோட்டின் மேலேயே வைத்துப் பார்க்கிறார்கள். பச்சைத்தோல், நீர் கொதிநிலையை எட்டுவதற்கு வெகு முன்பே, 65 பாகை செல்சியஸ் அளவிலேயே, சுருண்டு பிசினாகிவிடும். ஆவாரம்பட்டைத் தோல் 80 பாகையை ஒட்டிச் சுருங்கும். குரோமியம் நன்கு பிணைந்த தோல் கொதித்த பின்னும் கோட்டை விட்டு உள்ளே வராது. நான் பார்த்த அன்று துண்டு ஒரு ஓரத்தில் நூலளவு உள்வாங்கியிருந்தது. மேஸ்திரி ஒன்றும் பேசவில்லை, பீப்பாவைக் கைகாட்டினார், டிரம்காரர் மறுபடியும் விசையைப் போட்டார்.

இந்த நீலத் தோலை, ஈரம் பிழிந்த பின், தடிப்பு ஒன்றுபோல் வரச் சீவுவதே ஷேவிங். ஆலையில் நான் அதிக நேரம் செலவிட்டது இந்த இயந்திரத்தின் அருகில். இயக்கியவர் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். உருளையின் நடுவிலிருந்து இரு பக்கமும் பிரிந்து செல்லும் கத்திகள் தோலை விரித்துக்கொண்டே சீவும். மேலே ஒரு சாணைக்கல் அவ்வப்போது குறுக்கே ஓடிக் கத்தியைத் தீட்டும். இலக்கு ஒரு மில்லிமீற்றரும் பின்னமும் என்றால், அனுமதிக்கப்படும் பிழை ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு. தோலோ எங்கும் ஒரே தடிப்புடையதன்று: முதுகெலும்பு ஓடிய கோடு தடித்தது, வயிற்றுப்புறம் தளர்ந்தது, பழைய காயம் ஆறிய இடத்திலே முடிச்சு. ஒரு தோலை உள்ளே கொடுத்து வெளியே இழுக்கும் சில விநாடிக்குள்ளே, எந்த இடத்தில் கையைத் தளர்த்த வேண்டும், எந்த இடத்தில் இறுக்க வேண்டும் என்பதை அவர் தீர்மானித்துக்கொண்டிருந்தார். அருகிலே தடிப்பை அளக்கும் கேஜ் தொங்கியது. அதை அவர் எப்போதாவதுதான் தொட்டார்.

“அளக்காமலே எப்படித் தம்பி தெரியுது?” என்று கேட்டேன்.

“கேஜ் அப்புறமா சொல்லும் சார். கத்தி சத்தம் முன்னாடியே சொல்லிடும்” என்றார்.

அவர் சொன்னதைச் சோதிக்க நானும் காது கொடுத்து நின்றேன். எனக்குக் கேட்டதெல்லாம் ஒரே இரைச்சல். மதியத்துக்குமேல் ஒரு தடவை அவர் சட்டென்று நிறுத்திச் சாணைக்கல்லை ஓட்டியபோது, அதற்கு முன் வந்த இரண்டு தோல்களை எடுத்துப் பார்த்தேன்: அலையலையாக மெல்லிய குறுக்குக் கோடுகள், வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் மாத்திரம் தெரிவன. மழுங்கிய கத்தி தோலை வெட்டாமல் உராய்ந்து அதிர்கிறது என்பதன் அடையாளம் அது. அந்த அதிர்வை இரைச்சலுக்குள்ளே அவர் பிரித்துக் கேட்டிருக்கிறார். இத்தனைக்கும் பாலாற்றங்கரையிலே இந்த வேலை பெரும்பாலும் ஜாப் ஒர்க். இத்தனை தோலுக்கு இத்தனை காசு என்ற கணக்கு. கேட்பதற்கு நின்றால் காசு குறையும். நிற்காவிட்டால் தோல் கெடும். கெட்டால் இரண்டும் போகும். காலடியில் நீலச் சீவல் குவிந்துகொண்டே இருந்தது. இதற்குப் பின் வரும் சாயம், கொழுப்பெண்ணெய், உலர்த்தல், மெதுவாக்கும் ஸ்டேக்கிங், மெருகு, அளவை ஆகியவற்றை நான் பார்த்தேனாயினும் இங்கே விரிக்கவில்லை. அங்கே தோல் அழகு பெறுகிறது, அவ்வளவே.

கேட்கும் திறத்தைச் சொன்னேன்; முகரும் திறத்தையும் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கே முகர்வு மனிதனைக் கைவிடுகிறது. சுண்ணாம்புக் கட்டத்தில் இட்ட சோடியம் சல்பைட்டு மிச்சமாக நின்று, பின்வரும் அமிலத்தோடு சேர்ந்தால், ஐதரசன் சல்பைட்டு என்னும் வாயு பிறக்கிறது. பீப்பாவின் கதவைத் திறக்கும் கணத்திலும், சுண்ணாம்பு நீரும் அமில நீரும் சந்திக்கும் சாக்கடையிலும், கழிவு தேங்கிய குழியிலும் இது காத்திருக்கும். காற்றைவிடக் கனமானதாகையால் பள்ளத்திலே படுத்துக்கொள்ளும். மிகச் சொற்பமாயிருக்கும்போது அழுகிய முட்டை போல் நாறி எச்சரிக்கும். பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை எட்டியதும் மூக்கின் நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடும். அப்போது நாற்றம் நின்றுவிட்டது, குழி சுத்தமாகிவிட்டது என்று நம்பி இறங்குகிறவன் சில மூச்சிலே சாய்கிறான். அவனைத் தூக்க இறங்குகிறவனும் சாய்கிறான். கழிவுக் குழி மரணங்களைப் பற்றிய பத்திரிகைச் செய்திகளில் ஒரே இடத்தில் இருவர், மூவர் என்று வருவதன் காரணம் இதுவே. நாறும் இடத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று சொல்ல வரவில்லை. நாறிக்கொண்டிருந்த இடம் திடீரென்று நாறாமற் போனால் ஓடிவிட வேண்டும் என்பது இத்தொழிலின் முதற் பாடம். அந்தப் பாடத்தை ஆலையில் சேரும் நாளிலேயே ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்களா என்று கேட்டேன். பழகினால் தெரிந்துகொள்வார்கள் என்ற பதில் வந்தது. பழகிய மூக்குத்தான் முதலில் மரக்கிறது.

இந்த இடத்தில் நாற்றத்தின் சமூக வரலாறு ஒன்றையும் நான் தாண்டிப்போக முடியாது. இந்நாட்டிலும் அந்நாட்டிலும் தோலைத் தொட்டவனை ஊருக்கு வெளியே வைத்தோம். பறை இல்லாமல் கோயிற் சடங்கு நடவாது, பறையைக் கட்டியவன் கோயிலுக்குள் வரக்கூடாது என்ற விபரீதத்தை எங்கள் மட்டக்களப்பும் வெட்கமின்றிக் கடைப்பிடித்தது. இயந்திரம் வந்தால் இது தீரும் என்று சிலர் எண்ணினர். கத்தியைப் பிடிப்பவன் இழிந்தோன், விசையைப் பிடிப்பவன் தொழிலாளி என்று ஆகிவிடும் என்பது எதிர்பார்ப்பு. ஓரளவு ஆயிற்று என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆலைக்குள்ளே கண்ணை ஓட்டினால், ஈரமும் சுண்ணாம்பும் உள்ள முற்பகுதி வேலைகளில் தலித் மக்களும், அண்மைக் காலமாக வங்காளம், பீகார் முதலிய தூரதேசங்களிலிருந்து வந்தவர்களும் நிற்பதையும், உலர்ந்த பிற்பகுதியை நோக்கிப் போகப் போக ஆட்களின் பிறப்பு மாறுவதையும் காணலாம். நாற்றத்தை வைத்து மனிதனைத் தரம் பிரித்த சமுதாயம், நாற்றமே இல்லாத ஆபத்துகளை அதே மனிதனுக்கு ஒதுக்கிவிட்டுத் தான் தூய்மையாயிருப்பதாக நினைத்துக்கொண்டது என்பதே என் கருத்து.

இனி நீருக்கு வருகிறேன். ஒரு கிலோகிராம் தோலுக்கு 35 லீற்றர் நீர் செலவாவதாக இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பிலே குறித்தது. வேலூர் மக்கள் நல மன்றம் 1991 இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று வெளிவந்த தீர்ப்பு அது. பாலாற்றுப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேயர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு உதவாமற் போனதையும், திண்டுக்கல் வட்டாரத்துப் பதின்மூன்று ஊர்களில் எடுத்த கணக்கின்படி 467 கிணறுகளில் 350 கெட்டுப்போனதையும் அது பதிவு செய்தது. மாசுபடுத்தியவனே ஈடு செய்ய வேண்டும் என்ற விதி இந்திய நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அத்தீர்ப்பு உறுதி செய்தது. கால் நூற்றாண்டுக்கு மேல் கழிந்து, 2025 ஜனவரி 30 அன்று, பாலாற்று மக்களுக்கு ஈடு வழங்குவது பற்றியும் கேட்டைக் களைவது பற்றியும் அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது என்பதிலிருந்து, முதல் உத்தரவு எவ்வளவு தூரம் நடந்தது என்பதை வாசகர் ஊகிக்கலாம்.

இதற்கிடையில் ஒன்றும் செய்யப்படவில்லை என்று கூறுவது அநியாயம். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் பல ஆலைகளின் கழிவு நீரைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் பொது நிலையங்கள் எழுந்தன. அவற்றில் ஒன்றைச் சுற்றிப் பார்த்தபோது எனக்கு என் ஊர் நினைவு வந்தது. முதற் கட்டத்தில் படிகாரமும் சுண்ணாம்பும் இன்னும் சில பசைப்பொருள்களும் இட்டு, கலங்கலைத் திரட்டி அடியிலே தங்கவைக்கிறார்கள். பானையிலே கொட்டையை உரைப்பதற்கும் இதற்கும் தத்துவத்தில் வேற்றுமை கிடையாது. நுண்ணுயிர்கள் அடுத்த கட்டத்தைப் பார்த்துக்கொள்கின்றன. குரோமியத்தையும் காரமிட்டுத் திரட்டி எடுத்து, அமிலத்தில் கரைத்து, மறுபடி பீப்பாவுக்கே அனுப்பலாம். மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய முறை அது. ஆனால் உப்பு? கசாப்புக் கடையிலே தூவிய உப்பும், அமிலத்தோடு இட்ட உப்பும் நீரிலே கரைந்து, நீர் எவ்வளவு தெளிந்தாலும் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஆர்.ஓ. இயந்திரத்தின் நுண்சவ்வுக்குள்ளே அழுத்திச் செலுத்தி, எஞ்சிய பிழியலைக் கொதிக்கவைத்து ஆவியாக்கினாலன்றி அவை பிரியா. பிரிந்த பின்னும் மறைந்துபோவதில்லை. மூட்டைகளாகக் கட்டிக் கொட்டகையிலே அடுக்கியிருக்கிறார்கள். வாங்குவாரில்லை, புதைக்கவும் முடியாது, மழை பெய்தால் மீண்டும் நிலத்தடி நீரில் இறங்கிவிடும்.

பானையின் அடியில் தங்கிய சேற்றை நாங்கள் வாழை மரத்தடியிலே கொட்டிவிடுவோம். இங்கே அடியில் தங்குவது குரோமியம் கலந்த சேறு, கொட்ட இடமில்லை. 2015 ஜனவரி 31 அன்று விடியுமுன், ராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் அத்தகைய சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் ஆலைக்குள் படுத்து உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். அவர்களிற் பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள். பகலில் இயந்திரத்தின் முன்னும் இரவில் அதே கூரையின் கீழும் இருந்தவர்கள். பாலாற்றில் தெளிந்த நீர் விடப்படுவதற்காகத் திரட்டிய கலங்கல், அதைத் திரட்டச் செய்த தோலைத் தொட்டவர்கள் மேலேயே விழுந்தது.

வாணியம்பாடியில் என் கடைசி நாள் மாலை, ஷேவிங் இயந்திரத்துக்காரர் வேலை முடிந்து, அடுத்த முறைக்காரருக்காகக் கத்தியைத் தீட்டி வைத்துவிட்டு வெளியே வந்தார். விரல் நகங்களின் ஓரத்திலே நீலம் ஏறியிருந்தது. சவர்க்காரம் போட்டும் போகவில்லை. வாசலில் ஒரு நாற்காலியின் மேல் இருபது லீற்றர் தண்ணீர்க் கேன் ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு டம்ளரில் எனக்கும் பிடித்துக் கொடுத்துத் தாமும் குடித்தார். அந்தப் பக்கத்து வீடுகளிலெல்லாம் குடிப்பதற்குக் கேன் தண்ணீர்தான் வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். எங்கள் ஊர் மரத்தைப் பற்றியும் அதன் கொட்டையைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். ஆர்வத்தோடு கேட்டார், பானையில் எத்தனை நேரம் உரைக்க வேண்டும் என்றுகூட விசாரித்தார். உங்கள் வீட்டுக் கிணறு கலங்கலாக இருக்குமா, ஊருக்குப் போய்க் கொஞ்சம் கொட்டை அனுப்பிவைக்கட்டுமா என்றேன்.

அவர் சிரித்தார். “எங்க கிணத்துத் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும் சார். அடியில காசு போட்டாக்கூடத் தெரியும். மாடு வாய் வைக்காது.”

டம்ளரை அலசிக் கேனின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.